கருகிய மோட்டார்: பிரிப்பதும் கட்டுவதும் சோதிப்பதும்

பறித்த கொழுந்து காத்திருக்காது. கேமரன் மலைச் சரிவில் காலையில் பறித்த இலையைத் தொழிற்சாலைக்குக் கொண்டுவந்து வாட்டும் ட்ரஃப்களில் பரப்புகிறார்கள். அடியிலிருந்து வரும் காற்றில் அது பன்னிரண்டு மணி நேரமோ அதற்கு மேலோ கிடந்து ஈரத்தை இழக்க வேண்டும். அந்தக் காற்றைத் தள்ளுவது ட்ரஃப்பின் முனையில் இருக்கும் விசிறி. விசிறியைச் சுழற்றுவது ஓர் இண்டக்‌ஷன் மோட்டார். நள்ளிரவில் அது நின்றுவிட்டால், குவிந்த இலை தானாகவே சூடேறிச் சிவக்கத் தொடங்கும். அதனால்தான் "அண்ணே, மோட்டார் பொகையுது" என்ற குரல் கேட்டதும் எல்லோருக்கும் அவசரம் பிடிக்கிறது. அந்த அவசரத்தில் முதலில் நடப்பது பெரும்பாலும் செய்யக்கூடாத காரியம்: உளியை எடுத்துக் காயிலை வெட்டிவிடுவது.

பார்க்காமல் எழுதாமல் வெட்டினால் இரண்டு சங்கதிகள் அழிந்துபோகின்றன. பழைய காயில் எத்தனை சுற்று, என்ன கேஜ், எப்படி இணைத்திருந்தார்கள் என்பது ஒன்று. எதனால் எரிந்தது என்பது மற்றொன்று. முதலாவது தெரியாவிட்டால் கட்டிய மோட்டார் ஒழுங்காக ஓடாது. இரண்டாவது தெரியாவிட்டால் ஓடும்; ஆனால் அதே காரணத்தால் மறுபடியும் எரியும். ஆகவே இந்த அத்தியாயத்தில் கம்பி சுற்றுவதைவிடப் பார்ப்பதற்கும் எழுதுவதற்கும் அளப்பதற்கும் கூடுதல் இடம் தரப்பட்டிருக்கிறது. வீட்டுப் பட்டறையில் ஒருவர் தூக்கி மேசைமேல் வைக்கக்கூடிய, ஏறத்தாழ 3 குதிரைத்திறன் வரையிலான மோட்டார்களே இங்கே கணக்கு.

மலையில் மோட்டார் படும் பாடு

ஜே.ஏ. ரஸ்ஸல் 1929இல் ‘போ’ தோட்ட நிறுவனத்தைத் தொடங்கினார். 1933இல் பாரத் தோட்டம் வந்தது. ஹாபு, ஃபேர்லி, சுங்கை பாலாஸ் என்று விரிந்த இந்தத் தேயிலைக் காடுகளில் தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழர்களின் உழைப்பு கலந்திருக்கிறது. பழைய காலத்துத் தேயிலைத் தொழிற்சாலைகளில் ஒரே எஞ்சின் ஒரு நீண்ட தண்டைச் சுழற்றும். தண்டிலிருந்து தோல் பெல்ட்டுகள் இறங்கி ஒவ்வொரு மெஷினையும் ஓட்டும். மெஷினுக்கு ஒரு மோட்டார் என்ற ஏற்பாடு பிறகு வந்தது. அதற்கு அடித்தளமான மூன்று ஃபேஸ் கூண்டு மோட்டாரை மிக்கேல் டோலிவோ-டோப்ரோவோல்ஸ்கி 1889இல் ஜெர்மனியில் செய்து காட்டினார். கோயம்புத்தூரில் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் 1937இல் உள்நாட்டிலேயே மோட்டார் உருவாக்கினார்கள். அந்த மோட்டாரும் இன்றைய மோட்டாரும் உள்ளே ஒன்றேதான்: இரும்புத் தகடுகளை அடுக்கிய ஸ்டேட்டர், அதன் ஸ்லாட்டுகளில் எனாமல் பூசிய செம்புக் கம்பி, நடுவில் கம்பியே இல்லாத ரோட்டர். எரிவது பெரும்பாலும் ஸ்டேட்டர் காயில்தான்.

மலை இந்த மோட்டாருக்குச் சாதகமா பாதகமா? சர்வதேசத் தரப்படி மோட்டார்கள் 1,000 மீட்டர் உயரம் வரைக்கும், 40 டிகிரி சுற்றுச்சூழல் வெப்பத்துக்கும் வடிவமைக்கப்படுகின்றன. கேமரன் மலையின் தானா ராத்தா ஊர் ஏறத்தாழ 1,440 மீட்டரில் இருக்கிறது. பிரிஞ்சாங் அதற்கும் மேலே. உயரம் கூடக் கூடக் காற்று மெலியும். மெலிந்த காற்று மோட்டாரின் சூட்டைச் சரியாக எடுத்துச் செல்லாது. இதற்குத் தரநூலில் ஒரு கணக்கு உண்டு. 1,000க்கு மேல் ஒவ்வொரு 100 மீட்டருக்கும், அனுமதித்த வெப்ப உயர்வில் 1 சதவீதத்தை அந்த 40 டிகிரியிலிருந்து கழிக்க வேண்டும். 130 டிகிரி வரை தாங்கும் காப்புள்ள பி வகுப்புக் காயிலுக்கு அனுமதித்த உயர்வு 80 டிகிரி. ஆக 1,500 மீட்டரில் கழிப்பது 4 டிகிரி. மோட்டார் இருக்கும் இடம் 36 டிகிரியைத் தாண்டாதவரை முழுச் சுமையில் ஓட்டலாம். பகலிலேயே 25 டிகிரியை ஒட்டி நிற்கும் ஊரில் இது பிரச்சினையே அல்ல. ஆனால் டிரையருக்கு அருகே நிற்கும் மோட்டாருக்கு ஊர்க் குளிர் உதவாது. அங்கே வெப்பமானியைத் தொங்கவிட்டுப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

உயரத்தைவிட மோட்டாரைக் கொல்பவை ஈரமும் தூசியும். மூடுபனி நாள் முழுக்க உள்ளே வரும். நின்றுகிடக்கும் மோட்டாரின் காயில் அந்த ஈரத்தைக் குடிக்கும். சல்லடை மெஷின்களிலிருந்து பறக்கும் தேயிலைப் பஞ்சு, பின்புற விசிறி மூடியின் ஓட்டைகளில் மெத்தைபோல் படியும்.

எங்கே நிறுத்திக்கொள்ள வேண்டும்

மேசைமேல் கிடக்கும் மோட்டாரைக் கட்டுவது ஒரு வேலை; அதைத் தொழிற்சாலை வயரிங்கில் கொடுப்பது வேறு வேலை. மலேசியாவில் 1990ஆம் ஆண்டு மின் விநியோகச் சட்டமும் 1994ஆம் ஆண்டு மின்சார விதிமுறைகளும், நிலையான வயரிங்கைத் தொடும் வேலையைத் தகுதிச் சான்று பெற்ற ஒயர்மேன் அல்லது சார்ஜ்மேனிடம் விட்டிருக்கின்றன. கட்டுபவர் மோட்டாரைச் சோதித்து ஒப்படைக்கலாம். ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறப்பது அவர்கள் பொறுப்பு. வீட்டுச் சோதனை மேசையின் சாக்கெட்டுக்கு 30 மில்லி ஆம்பியர் கசிவுத் தடுப்பு சுவிட்ச் இருக்க வேண்டும். மோட்டாரின் உடல் எர்த்தில் சேர்ந்த பிறகே எந்தச் சோதனைக்கும் கரண்ட் கொடுக்க வேண்டும்.

கட்டுவது லாபமா என்பதையும் இங்கேயே முடிவுசெய்துவிட வேண்டும். சாதாரண ஃபிரேமில் வரும் அரை, முக்கால் குதிரைத்திறன் மோட்டாரை மாற்றிவிடுவதே பல சமயம் மலிவு. பழைய அங்குல அளவு ஃபிரேம், தனி ஃபிளாஞ்ச், மெஷினோடு பிறந்த தண்டு என்றால் புது மோட்டார் பொருந்தாது. அங்கே கட்டத்தான் வேண்டும்.

எரிந்ததா, நனைந்ததா?

2013 அக்டோபர் 23ஆம் தேதி அதிகாலையில் சுல்தான் அபு பக்கார் அணையிலிருந்து திறந்துவிட்ட நீர் கேமரன் மலையின் பெர்த்தாம் பள்ளத்தாக்கில் புகுந்து உயிர்களையும் உடைமைகளையும் கொண்டுபோனது. அத்தகைய வெள்ளத்தில் முங்கிய பம்பு மோட்டாரையும் எரிந்த மோட்டாரையும் வெளியிலிருந்து பார்த்து வேறுபடுத்த முடியாது. இரண்டுமே டிரிப் ஆகும். நனைந்ததைப் பிரித்துக் கட்டுவது வீண் செலவு.

முதலில் மூடிகளைக் கழற்றி மோந்து பார்க்க வேண்டும். கருகிய எனாமலின் காரநெடி ஒருமுறை பழகினால் மறக்காது. காயில் பொன்னிறமாக, வார்னிஷ் மினுமினுப்போடு இருந்து, காப்பின் மின்தடையை அளக்கும் மெக்கர் மட்டும் பூஜ்யத்தை ஒட்டிக் காட்டினால் அது ஈரமாக இருக்கலாம். நல்ல தண்ணீரில் சேற்றைக் கழுவி, 60 முதல் 80 டிகிரி வரை மெல்லச் சூடாக்கி உலர்த்த வேண்டும். உலரத் தொடங்கியதும் மெக்கர் அளவு முதலில் இறங்கும், பிறகுதான் ஏறும். இறங்கியதைப் பார்த்துப் பயந்து நிறுத்திவிடக் கூடாது. மணிக்கொரு தரம் எழுதிவந்து, அளவு ஏறி ஒரே இடத்தில் நின்ற பிறகே முடிவு சொல்ல வேண்டும். பேரிங்குகளை மட்டும் யோசிக்காமல் மாற்றிவிடலாம். சேற்றுநீர் புகுந்த பேரிங் நிலைக்காது.

கருகிய தடம் சொல்வது

எரிந்தது உறுதியானால், வெட்டுவதற்கு முன் காயிலின் இரு முனைகளையும் நல்ல வெளிச்சத்தில் படமெடுக்க வேண்டும். கருப்பு எங்கே, பொன்னிறம் எங்கே என்ற அமைப்பே காரணத்தைச் சொல்லும்.

ஸ்டார் இணைப்பில் இருந்த மோட்டாரில், இரண்டு ஃபேஸ்களின் காயில்கள் கரியாகி, ஒரு ஃபேஸின் காயில்கள் மட்டும் சம இடைவெளியில் புதுசுபோல் இருந்தால், ஒரு ஃபேஸ் வராமல் ஓடியிருக்கிறது. டெல்டா இணைப்பில் இதே கோளாறு தலைகீழாகத் தெரியும்: ஒரு ஃபேஸ் கருகியிருக்கும், இரண்டு தப்பியிருக்கும். ஒரு ஃபேஸ் அறுந்த பிறகும் அதே சுமையை இழுக்க, மீதி இரு லைன்களிலும் ஏறக்குறைய 1.73 மடங்கு கரண்ட் ஓடும். வெட்டவேண்டியது காயிலை; தேடவேண்டியது ஃப்யூஸ், கான்டாக்டர் முனை, தளர்ந்த டெர்மினல்.

காயில் முழுவதும் ஒரே சீராகக் கருத்திருந்தால் அதிகச் சுமை, குறை வோல்டேஜ், அடைபட்ட காற்றோட்டம், சுழலாமல் நின்றுபோன ரோட்டர் ஆகிய நான்கில் ஒன்று. தேயிலைப் பஞ்சு அடைத்த மூடியோடு வந்த மோட்டார் என்றால் தேடல் சீக்கிரம் முடியும். ஒரே இடத்தில் செம்பு உருகிக் குமிழாகியிருந்தால், அங்கே சுற்றுக்குள் சுற்று ஷார்ட்டாகியிருக்கிறது அல்லது ஸ்லாட் பேப்பர் கிழிந்து இரும்பைத் தொட்டிருக்கிறது. ஸ்டேட்டரின் உள்வட்டத்தில் ஒரு பக்கம் மட்டும் உரசிய பளபளப்பு தெரிந்தால் குற்றவாளி பேரிங். அதிகமாக இறுக்கிய பெல்ட் அதற்கு உடந்தை.

வெட்டுவதற்கு முன் எழுதவேண்டியவை

ஒரு தடித்த அட்டையில் இவற்றை வரிசையாக எழுத வேண்டும்.

பெயர்ப்பலகை: கிலோவாட், வோல்ட், ஆம்பியர், வேகம், ஹெர்ட்ஸ், வகுப்பு, இணைப்பு. பழைய பலகையில் 415 வோல்ட் என்று இருந்தால் குழம்ப வேண்டியதில்லை. மலேசியா 2008 ஜனவரி 1 முதல் பெயரளவு வோல்டேஜை 415/240இலிருந்து 400/230ஆக மாற்றியது. அனுமதித்த ஏற்ற இறக்கத்துக்குள் பழைய மோட்டார் அடங்கிவிடும்.

வேகத்திலிருந்து துருவங்கள்: 50 ஹெர்ட்ஸில் 120ஐ 50ஆல் பெருக்கித் துருவ எண்ணால் வகுத்தால் காந்தப்புலத்தின் வேகம் வரும். நான்கு துருவத்துக்கு 1,500. மோட்டார் அதற்குச் சற்றுக் குறைவாக, 1,430 போல ஓடும்.

ஸ்லாட்டுகளின் எண்ணிக்கை, ஒரு ஸ்லாட்டில் ஒரு காயில் பக்கமா இரண்டா, காயில் கூட்டங்கள் எத்தனை, ஒரு கூட்டத்தில் எத்தனை காயில், பிட்ச் எவ்வளவு. முதல் ஸ்லாட்டில் இறங்கிய காயில் எட்டாவதில் ஏறினால் பிட்ச் 1–8. கூட்டங்கள் தொடரில் இருந்தனவா, பக்கவாட்டில் பிரிந்தனவா என்பதை நாடாவை அவிழ்த்து ஒயரைப் பின்தொடர்ந்தே வரைய வேண்டும். காயில் முனை இரும்பிலிருந்து எவ்வளவு உயரம் வெளியே நின்றது, லீட் ஒயர்கள் எந்தப் பக்கம் வெளியேறின என்பவையும் அட்டையில் இருக்க வேண்டும்.

சுற்று எண்ணிக்கையை மட்டும் வெட்டிய பிறகு அந்த முனையில் எண்ணலாம். மூன்று காயில்களிலாவது எண்ணி ஒத்துப்பார்க்க வேண்டும். கம்பி இரட்டையாகவோ மூன்றாகவோ சேர்ந்து சுற்றப்பட்டிருந்தால் எண்ணிக்கையை அதனால் வகுக்க மறக்கக் கூடாது. எனாமலை எரித்துத் துடைத்த பிறகே மைக்ரோமீட்டரில் கம்பியை அளக்க வேண்டும். எடுத்த செம்பு முழுவதையும் நிறுத்து எழுதிவைத்தால், புதுக்கம்பி வாங்கும்போதும் வேலை முடிந்து சரிபார்க்கும்போதும் உதவும்.

பிரித்தல்

கருகிய ஸ்டேட்டரை விறகில் போட்டு எரிப்பது வேகமான வழி. மோட்டாரை மெல்லக் கெடுக்கும் வழியும் அதுவே. இரும்புத் தகடுகளுக்கு நடுவே உள்ள மெல்லிய பூச்சு வெந்துபோனால் தகடுகள் ஒன்றையொன்று தொட்டு, இரும்பே சூடாகத் தொடங்கும். அமெரிக்க, பிரிட்டிஷ் பழுதுபார்ப்போர் சங்கங்கள் சேர்ந்து 2003இல் வெளியிட்ட ஆய்வு, வெப்பத்தைக் கட்டுப்படுத்தி ஒழுங்காகக் கட்டினால் மோட்டாரின் திறன் குறைவதில்லை என்று காட்டியது. பட்டறைகள் கட்டுப்பாடுள்ள அடுப்பில் இரும்பின் சூடு 370 டிகிரியைத் தாண்டாமல் பார்த்துக்கொள்கின்றன. வீட்டில் அந்த அடுப்பு இல்லை. ஆகவே ஒருபக்க முனையை உளியாலோ கட்டராலோ இரும்பை ஒட்டி வெட்டி, வெப்பக்காற்றுத் துப்பாக்கியால் வார்னிஷை இளக்கி, மறுபக்கத்திலிருந்து கொத்துக்கொத்தாக இழுப்பதே சரி. புகை நச்சு; இந்த வேலை கதவு திறந்த கொட்டகையில் நடக்க வேண்டும்.

ஸ்லாட்டில் ஒட்டிய பழைய பேப்பரையும் வார்னிஷையும் சுரண்டி எடுக்கும்போது தகட்டு ஓரத்தை அரத்தால் தேய்க்கக் கூடாது. பிசிறு மடிந்து தகடுகளை இணைத்துவிடும். வளைந்த பற்களை மரக்கட்டையால் தட்டி நேராக்கலாம்.

பேப்பர், கம்பி, காயில்

காப்புப் பொருள்கள் வெப்ப வகுப்புகளாகப் பிரிந்திருக்கின்றன: ஏ 105 டிகிரி, இ 120, பி 130, எஃப் 155, எச் 180. பேப்பர், கம்பியின் எனாமல், ஸ்லீவ், வார்னிஷ், லீட் ஒயர் ஆகிய ஐந்தில் மிகத் தாழ்ந்தது எதுவோ அதுவே மோட்டாரின் வகுப்பு. எஃப் வகுப்புக் கம்பியைச் சுற்றிவிட்டுச் சாதாரண பிளாஸ்டிக் ஒயரை லீடாக இழுத்தால் பணம் வீண். காயில் 10 டிகிரி கூடுதலாகச் சூடானால் காப்பின் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும் என்பது இத்தொழிலின் பழைய விதி. தேயிலைத் தொழிற்சாலை மோட்டாருக்குப் பழையது பி வகுப்பாக இருந்தாலும் எஃப் வகுப்பில் கட்டுவது நல்லது.

ஸ்லாட் பேப்பர் இரும்புக்கு வெளியே இருபுறமும் 5 மில்லிமீட்டராவது நீட்டிக்கொண்டு, காலர்போல் மடிந்து நிற்க வேண்டும். எர்த் ஷார்ட் பெரும்பாலும் ஸ்லாட்டின் வாயில்தான் பிறக்கிறது.

கேட்ட கேஜ் கடையில் கிடைக்காதபோது குறுக்குப் பரப்பைக் கணக்கிட வேண்டும், விட்டத்தை அல்ல. 19 கேஜ் கம்பியின் விட்டம் 1.016 மில்லிமீட்டர், பரப்பு 0.811 சதுர மில்லிமீட்டர். 22 கேஜின் விட்டம் 0.711, இரண்டைச் சேர்த்துச் சுற்றினால் 0.794 வரும். இரண்டு சதவீதக் குறைவு ஏற்கத்தக்கது. சுற்று எண்ணிக்கையை மட்டும் தொடவே கூடாது. சுற்றைக் குறைத்தால் காந்தப்புலம் கூடிச் சுமையில்லாமலே சூடாகும்; கூட்டினால் இழுக்கும் வலு குறையும்.

காயில் அச்சின் அளவு, முழுதாக எடுத்த பழைய சுற்று ஒன்றின் நீளத்திலிருந்து வருகிறது. சின்னதாகப் போனால் ஸ்லாட்டில் இறங்காது. பெரிதாகப் போனால் மூடியில் இடிக்கும். முதல் காயிலை மட்டும் சுற்றி, ஸ்லாட்டில் வைத்து, மூடியையும் பொருத்திப் பார்த்த பிறகு மற்றவற்றைச் சுற்றுவது கம்பியை மிச்சப்படுத்தும்.

இறக்குதலும் இணைத்தலும்

36 ஸ்லாட், நான்கு துருவம், இரட்டை அடுக்கு என்ற பரவலான அமைப்பை எடுத்துக்கொள்ளலாம். 36 காயில்; மூன்று ஃபேஸுக்கும் நான்கு துருவத்துக்குமாக 12 கூட்டம்; கூட்டத்துக்கு 3 காயில். ஒரு ஸ்லாட் என்பது 20 மின்கோண டிகிரி. ஃபேஸ்கள் 120 டிகிரி விலகி நிற்க வேண்டும், அதாவது ஆறு ஸ்லாட். எனவே மூன்று ஃபேஸ்களின் தொடக்கங்கள் 1, 7, 13ஆம் ஸ்லாட்டுகளில் வரும்.

கம்பிகளை நாலைந்தாகப் பிரித்து, மரத்தாலோ ஃபைபராலோ செய்த தகட்டால் தள்ளி இறக்க வேண்டும். ஸ்க்ரூடிரைவர் கையில் வந்தால் எனாமல் கீறப்படும். அந்தக் கீறல் ஓட்டத்தில்தான் வெளிப்படும். இரண்டு அடுக்குக்கு நடுவே பேப்பர், மேலே மூங்கில் அல்லது ஃபைபர் ஆப்பு, காயில் முனைகளில் ஃபேஸுக்கும் ஃபேஸுக்கும் இடையே பிரிப்புப் பேப்பர். ஒரே ஃபேஸின் கூட்டங்களைத் தொடரில் இணைக்கும்போது முடிவோடு முடிவும் தொடக்கத்தோடு தொடக்கமும் சேர வேண்டும். அப்போதுதான் வடக்கும் தெற்கும் மாறி மாறி அமையும். பழைய அட்டையில் வேறுவிதம் வரைந்திருந்தால் அட்டையே சரி. எனாமலை முழுதாகச் சுரண்டி, முறுக்கி, ஈயம் வைத்து, ஸ்லீவ் ஏற்றி, நாடாவால் இறுக்கிக் கட்ட வேண்டும்.

வார்னிஷுக்கு முன் சோதனை

வார்னிஷ் இறுகிவிட்டால் திருத்த முடியாது. ஆகவே இங்கே மூன்று சோதனைகள். மூன்று ஃபேஸ்களின் ஓம் அளவும் ஒன்றையொன்று ஒட்டி நிற்க வேண்டும். ஐந்து சதவீதத்துக்கு மேல் விலகினால் சுற்று எண்ணிக்கையிலோ இணைப்பிலோ பிழை. ஒவ்வொரு 10 டிகிரிக்கும் செம்பின் ஓம் அளவு 4 சதவீதம் மாறும் என்பதால் மூன்றையும் ஒரே நேரத்தில் அளக்க வேண்டும். குளிர்ந்த காலையில் ஒன்றும் வெயிலேறிய பின் ஒன்றும் அளந்தால் நல்ல காயிலும் கெட்டதாகத் தெரியும். அடுத்து, 500 வோல்ட் மெக்கரில் ஃபேஸுக்கும் உடலுக்கும் இடையிலும், ஃபேஸுக்கும் ஃபேஸுக்கும் இடையிலும் பார்க்க வேண்டும்.

மூன்றாவது திசைகாட்டிச் சோதனை. 12 வோல்ட் வண்டி பேட்டரியோடு ஒரு ஹெட்லைட் பல்பைத் தொடரில் சேர்த்து, மூன்று ஃபேஸ்களின் முடிவுகளையும் ஒரு முனையில், தொடக்கங்களையும் மறுமுனையில் கட்ட வேண்டும். சிறு திசைகாட்டியை ஸ்டேட்டரின் உள்வட்டத்தில் மெல்ல நகர்த்தினால், 12 கூட்டங்களிலும் முள் வடக்கு, தெற்கு என்று மாறி மாறித் திரும்ப வேண்டும். அடுத்தடுத்த கூட்டங்களில் ஒரே துருவம் வந்தால் அங்கே ஒரு கூட்டம் திரும்பியிருக்கிறது. ரோட்டர் இல்லாத ஸ்டேட்டருக்கு முழு வோல்டேஜ் கொடுத்துப் பார்ப்பது மட்டும் எக்காரணம் கொண்டும் கூடாது. புதுக் காயில் அங்கேயே எரியும்.

வார்னிஷ்

ஸ்டேட்டரை 100 டிகிரியில் சூடாக்கி ஈரத்தை ஓட்டிவிட்டு, கைபொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் வார்னிஷில் முக்க வேண்டும். காற்றுக்குமிழ் வருவது நின்றால் உள்ளே நிரம்பிவிட்டது என்று பொருள். வடியவிட்டு, டின்னில் அச்சிட்ட வெப்பத்திலும் நேரத்திலும் சுட வேண்டும். இதற்குப் பயன்பட்ட ஓவனில் மறுபடி சமைக்கக் கூடாது. வார்னிஷ் ஆவி தீப்பிடிக்கும் என்பதால் அருகில் கேஸ் அடுப்பும் கூடாது. காற்றில் உலரும் வார்னிஷைத் தூரிகையால் பூசுவதும் உண்டு; அது ஸ்லாட்டின் ஆழத்துக்குப் போகாது. பனிமூட்டத்தில் வெயிலை நம்பிக் காயவைத்த காயிலில் ஈரம் உள்ளேயே மாட்டிக்கொள்ளும்.

மெக்கர் காட்டும் எண்

இந்தச் சிறு மோட்டார்களுக்குச் சர்வதேச மின்பொறியாளர் வழிகாட்டி கேட்கும் குறைந்தபட்சம் 40 டிகிரி வெப்பத்தில் 5 மெகாஓம். வெப்பம் 10 டிகிரி கூடினால் இந்த அளவு ஏறத்தாழப் பாதியாகும். இதன் பொருள் மலையில் முக்கியமானது. 20 டிகிரி குளிரில் மெக்கர் 20 மெகாஓம் காட்டினால், 40 டிகிரிக் கணக்கில் அது வெறும் 5. தேர்ச்சி மதிப்பெண்ணின் விளிம்பு. அதே குளிரில் 8 மெகாஓம் காட்டும் மோட்டார், எண்ணைப் பார்த்தால் தேறியதாகத் தெரிந்தாலும் தேறவில்லை. புதிதாகக் கட்டி ஒழுங்காகச் சுட்ட காயில் நூறுகளில் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் மறுபடி ஓவனுக்கு.

முதல் ஓட்டம்

தண்டில் சுமை எதுவும் இல்லாமல், ஒயர்மேன் கொடுத்த மூன்று ஃபேஸ் சப்ளையில் ஓடவிட்டு, மூன்று லைன்களிலும் கிளாம்ப் மீட்டரில் கரண்டை எழுத வேண்டும். 3 குதிரைத்திறன் மோட்டார் 400 வோல்ட்டில் முழுச் சுமைக்கு ஏறக்குறைய 5 ஆம்பியர் இழுக்கும். வெறும் ஓட்டத்தில் அதில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதிவரை இருக்கும்.

மூன்றும் சமமாக இல்லாவிட்டால் உடனே காயிலைக் குற்றம்சொல்லக் கூடாது. சப்ளை வோல்டேஜில் 1 சதவீத ஏற்றத்தாழ்வு கரண்டில் 6 முதல் 10 சதவீதம் வரை வித்தியாசம் காட்டும். நிறுத்திவிட்டு, மூன்று லைன்களையும் ஒவ்வோர் இடம் நகர்த்தி மாட்டினால் சுழலும் திசை மாறாது. மறுபடி ஓட்டும்போது கூடுதல் கரண்ட் அதே லைனோடு நகர்ந்தால் கோளாறு சப்ளையில். மோட்டாரின் அதே டெர்மினலில் நின்றால் கோளாறு காயிலில்.

பிறகு மெஷினில் மாட்டி, சுமையில் ஓடவிட்டு, சூடு நிலைத்ததும் நிறுத்தி உடனே ஓம் அளவை எடுக்க வேண்டும். 20 டிகிரியில் 3.00 ஓம் இருந்தது இப்போது 3.90 என்றால், 3.90ஐ 3.00ஆல் வகுத்து, 254.5ஆல் பெருக்கி, 234.5ஐக் கழிக்க வேண்டும். விடை 96 டிகிரி. ஆக உயர்வு 76 டிகிரி. பி வகுப்பின் 80க்குள் இருக்கிறது, எஃப் வகுப்பின் 105க்கு வெகு கீழே. மேலே கைவைத்துப் பார்ப்பது உடலின் சூட்டை மட்டுமே சொல்லும்.

ஒற்றை ஃபேஸ் மோட்டார் வந்தால்

காய்கறித் தோட்டங்களிலும் வீடுகளிலும் உள்ள பம்புகள் பெரும்பாலும் ஒற்றை ஃபேஸ். இவற்றில் ஓட்டக் காயில் தடிமனாகவும் தொடக்கக் காயில் மெலிதாகவும் இருக்கும். இரண்டின் சுற்றும் கேஜும் தனித்தனியே எழுதப்பட வேண்டும். திறப்பதற்கு முன் கபாசிட்டரை ஒரு ரெசிஸ்டர் வழியாகக் காலிசெய்துவிட வேண்டும். தொடக்கக் காயில் மட்டும் கருகி ஓட்டக் காயில் நன்றாக இருந்தால், வேகம் எடுத்ததும் விடுபடவேண்டிய சென்ட்ரிஃப்யூகல் சுவிட்ச் ஒட்டிக்கொண்டிருக்கலாம், கபாசிட்டர் கெட்டிருக்கலாம். இரண்டையும் பார்க்காமல் கட்டிக் கொடுத்தால் மோட்டார் அதே வாசனையோடு திரும்பி வரும். முதல் முறை கரண்ட் கொடுக்கும்போது ஒரு பெரிய இழை பல்பைத் தொடரில் போடுவது நல்லது; உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு முழு வெளிச்சத்தில் எரியும், காயில் தப்பும்.

மெஷினில் மாட்டும்போது

கருகிய தடம் சொன்ன காரணம் இப்போது சரிசெய்யப்பட்டிருக்க வேண்டும். ஃபேஸ் அறுந்து எரிந்தது என்றால் ஃபேஸ் இழப்பு ரிலே ஒன்றைச் சேர்க்கும்படி ஒயர்மேனிடம் சொல்ல வேண்டும். ஓவர்லோட் ரிலே பெயர்ப்பலகை ஆம்பியரில் நிற்கிறதா என்று அவரைப் பார்க்கச் சொல்ல வேண்டும். ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டரில் ரிலே, மெயின் லைனில் அல்லாமல் காயிலுக்குப் போகும் ஒயரில் இருந்தால் அந்த எண்ணில் 58 சதவீதம்தான் சரி. பலரும் முழு ஆம்பியரில் வைத்துவிடுவதால் ரிலே இருந்தும் இல்லாததுபோல் ஆகிவிடுகிறது. ட்ரஃப் விசிறி தலைகீழாகச் சுழன்றாலும் காற்று வரும், ஆனால் எதிர்த்திசையில். இலைமேல் ஒரு காகிதத் துண்டைப் பிடித்துப் பார்த்து, தேவையானால் இரண்டு லைன்களை மாற்றச் சொல்ல வேண்டும். பின்மூடியின் ஓட்டைகளைத் தேயிலைப் பஞ்சு போகத் துடைக்கும் நாளை வாரக் கணக்கில் குறித்துவிட வேண்டும்.

பழைய அளவுகள் எழுதிய அட்டையின் பின்பக்கத்தில் புதிய அளவுகளும் தேதியும் எழுதி, பிளாஸ்டிக் உறையில் போட்டு ஸ்டார்ட்டர் பெட்டிக் கதவின் உட்புறம் ஒட்டச் சொல்லலாம். ஒரு மாதம் ஓடிய பிறகு, காலையில் மோட்டார் குளிர்ந்திருக்கும்போது டெர்மினல் நட்டுகளை ஒருமுறை இறுக்கி, மெக்கர் அளவை மறுபடி எடுத்து அதே அட்டையில் சேர்க்க வேண்டும். எண் பாதிக்கும் கீழே போயிருந்தால் முதலில் பார்க்கவேண்டியது டெர்மினல் பெட்டியின் ரப்பர் வாஷரையும் கேபிள் நுழையும் கிளாண்டையும்; மலைப்பனி அந்த வழியாகத்தான் உள்ளே போகும்.